மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரல்

இடது மார்பில் புற்றுநோய் என்றால், கதிர்வீச்சு சிகிச்சையின்போது மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் இதயம் கதிருக்கு வழிவிட்டு விலகும். பிடிக்கச் சொல்வதும் விடச் சொல்வதும் இப்போதெல்லாம் இயந்திரம்தான். அதுவும் உறவினர் குரலில். நோயாளிக்குத் தெம்பாக இருக்குமாம்.

மங்கையர்க்கரசிக்கு வாய்த்தது கணவர் பொன்னுரங்கத்தின் குரல். ஊரிலுள்ள பாதிச் சங்கங்களுக்கு அவர்தான் தலைவர். அவருடைய மேடைப் பேச்சுகளைக் கேட்டுத்தான் இயந்திரம் அவரைப்போலப் பேசக் கற்றிருந்தது.

“மூச்சைப் பிடி மங்கை. இந்தப் பொன்னான வேளையிலே மூச்சின் பெருமையைப் பற்றி…”

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருந்தவளுக்குக் கண் பிதுங்கியது. “விடு” என்ற சொல் நன்றியுரைக்குப் பிறகுதான் வரும். முன்னாலேயே விட்டால் கதிர் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்றும் விட்டுவிட்டாள். சிகிச்சை இப்படியே தள்ளிப் போகிறது. நோய் காத்திருக்காது.

டெக்னீசியன் ஷகிலா உள்ளே ஓடி வந்தாள்.

“ஏம்மா, உன் குரலையே வச்சுத் தொலையேன்!” என்றாள் மங்கையர்க்கரசி.

“மெஷின் ஏத்துக்காதும்மா. குரலை மாத்தணும்னா உங்க சார் சம்மதிக்கணும். வெளியதான் இருக்கார், கேட்டுட்டு வரேன்.”

போனவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“சார் மனசு ஒடிஞ்சு போயிட்டார்மா. மாத்த வேணாமாம். இனிமே சுருக்கமா பேசச் சொல்லி மெஷினுக்கு உத்தரவு போட்டிருக்கார்.”

ஷகிலா வெளியேற, கனத்த கதவு மூடிக்கொண்டது.

“மூச்சைப் பிடி மங்கை. சுருக்கமாகச் சொல்வதென்றால், மூன்று கருத்துகள்…”

மங்கையர்க்கரசி இரண்டாவது கருத்துவரைக்கும் தாக்குப்பிடித்தாள்.