யாரும் முழுசாகப் பார்க்காத படம்

செங்கமலம் கடைக்குள் நுழைந்ததுமே அருள்முருகனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கேசட்டை வெச்சுட்டுப் போங்க. இனிமே அதை உங்களுக்குத் தரமாட்டேன்."

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அவனுடைய வீடியோ கடை. கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த நேரம். பழைய கேசட்டைத் தேடி ஒருத்தர் வந்தால் அவன் சந்தோஷப்பட வேண்டும். அதுவும் அந்தப் படத்தை! பெயரைச் சொன்னால் "அப்படி ஒரு படம் வந்துச்சா?" என்று கேட்பார்கள்.

அந்தப் படத்தில் ரெண்டு நண்பர்களுக்கு ஒரே பெண் மேல் ஆசை. வாய்விட்டுச் சொன்னவன் கட்டிக்கொள்கிறான். சொல்லாதவன் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறுகிறான். கட்டிக்கொண்டவன் யுத்தத்துக்குப் போய், இடைவேளையில் செத்துப்போகிறான். ஜனம் அத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. சின்ன வயதில் அப்பாவோடு போன அருள்முருகனும் அப்படிக் கிளம்பியவன்தான். அதற்கு மேல் என்ன நடந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

செங்கமலத்தின் ஒரே மகன் சக்தி ராணுவத்தில் இருந்தான். கார்கில் சண்டையில் போய்விட்டான். அருள்முருகனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உயிர் சிநேகிதன். இப்போது அந்த வீட்டில் செங்கமலமும் மருமகள் அமிர்தவல்லியும் மட்டும்தான். அமிர்தவல்லிக்கு வயது இருபத்துநாலு.

அவளை உட்கார வைத்துத்தான் வாராவாரம் இந்தப் படம் ஓடுகிறதாம். அழுகைச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கிறதாம். பக்கத்து வீட்டு சசிகலா கடைக்கே வந்து சொன்னாள். புருஷனை முழுங்கியவள் என்று வாயால் சொல்லாமல் படம் போட்டுச் சொல்கிறாள் மாமியார்க்காரி என்பது சசிகலாவின் தீர்ப்பு. தெருவும் அதை அப்படியே ஒப்புக்கொண்டது.

அருள்முருகன் நல்ல காமெடிப் படமாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தான். செங்கமலம் அதை மேஜைமேலேயே வைத்துவிட்டு, அந்தப் பழைய கேசட்டைத்தான் கேட்டு வாங்கிப் போனாள். இன்றைக்கு அவன் விடுவதாக இல்லை.

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்காம்மா? புருசனைப் பறிகொடுத்த பொண்ணு அது. அதுக்குப் போயி பட்டாளத்துக்காரன் சாவுற படத்தைப் போட்டுக் காட்டலாமா? சக்தி இருந்தா பொறுத்துக்குவானா?"

சி.டி. புரட்டிக்கொண்டிருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் போகும்வரை செங்கமலம் காத்திருந்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கேசட்டை டெக்கில் போடச் சொன்னாள். இடைவேளைக்கு அப்புறம் வைக்கச் சொன்னாள்.

வேண்டாவெறுப்பாகப் போட்டான்.

செத்தவனின் நண்பன் அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கினான். வாசலோடு நின்றான். உள்ளே இருந்தவளை நிமிர்ந்து பார்க்காமலே திரும்பிப் போனான். மறுபடி வந்தான், மறுபடியும் வாசலோடு நின்றான். செங்கமலம் சொல்லச் சொல்ல ஓட்டி ஓட்டிக் கடைசிக்கு வந்தார்கள். செத்தவனைப் பெற்ற தாய் தன் கையாலேயே தாலியை எடுத்து அந்த நண்பனிடம் கொடுத்தாள்.

அருள்முருகன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயதாகியும், கல்யாணப் பேச்சை எடுத்தாலே கடையில் வேலை இருக்கிறது என்று நழுவுகிறவன் அவன். இப்போது நழுவ வழியில்லை.

"எம்மவனுக்கு அஞ்சாறு வயசு இருக்கும், இந்தப் படம் நம்ம கொட்டாய்க்கு வந்தப்ப" என்றாள் செங்கமலம். "அவன் மடியில தூங்குறான். நா கடைசி வரைக்கும் பாத்துட்டு அந்தத் தாயை மண்ணை வாரித் தூத்தினேன். பெத்தவதானா இவன்னு. இன்னிக்கு அவ எடத்துல நா நிக்கிறேன் தம்பி."

அவன் டெக்கை நிறுத்தினான்.

"அவன் போட்டோ மாட்டியிருக்கிற வூட்டுல நின்னுகிட்டு, இன்னொருத்தனைக் கட்டிக்கன்னு மருமவகிட்ட எப்படிச் சொல்றது? வாய் வரல. அதான் படத்தைப் போட்டேன். பட்டாளத்துக்காரன் சாவுற எடம் வந்தா நா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவேன். சசிகலா காதுல விழுந்தது என் அழுவை. மருமவ அழுவல. அதுக்கு மேல உள்ளதைப் பாத்துக்கிட்டிருப்பா."

அருள்முருகனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தப்பாகப் பேசிவிட்டேன் என்றான். அதற்குள் இன்னொரு கவலை வந்துவிட்டது. மாப்பிள்ளை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான்.

செங்கமலம் அவனையே பார்த்தாள்.

"நீ அவளை முன்னாடியே மனசுல வெச்சிருந்தேன்னு கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் சக்திக்குத் தெரிஞ்சுதாம். கடைசி லீவுல வந்தப்ப சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான். 'எனக்காக வாயை மூடிக்கிட்டாம்மா'ன்னான்."

அருள்முருகன் தலையைக் குனிந்துகொண்டான். கண் நிறைந்துவிட்டது.

செங்கமலம் எழுந்து, டெக்கிலிருந்து கேசட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதை நீயே வெச்சுக்க. நேத்து அமிர்தவல்லிகிட்ட உன் பேரைச் சொன்னேன். கேசட்டை உறையில போட்டு எடுத்து வெச்சா. அப்புறம், 'அவங்க ஒத்துக்குவாங்களா அத்தை'ன்னு கேட்டா. அதைச் சொல்லத்தான் வந்தேன் தம்பி. சனிக்கிழமை கல்லங்குறிச்சி கோயிலுக்கு வரோம். உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வா."