யார் சொன்னது?

"தபாவ் கட்டிக்கிட்டுப் போகணும்னா டப்பாவை எடுங்க சார்," என்று கையை நீட்டினார் கேண்டீன்காரர் அக்பர்.

யுகேந்திரன் விழித்தார். டீயும் ரொட்டி சானாயும் கட்டித் தரச் சொன்னால், இந்த மனிதர் அவரிடமே பாத்திரம் கேட்கிறார். அவர் இருக்கும் ஜொகூர் பாருவில் என்றால் டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கட்டி, ஸ்ட்ராவும் செருகிக் கொடுத்திருப்பார்கள்.

"பை இல்லையா?"

"இங்க யாரும் பையில வாங்க மாட்டாங்க லா. அந்தா, அலமாரியில இரவல் டப்பா இருக்கு பாருங்க. எடுத்துட்டுப் போய்ட்டு அப்புறமா கொண்டாந்து வைங்க."

"இப்படிச் செய்யணும்னு யார் சொன்னது?"

அக்பர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "யாரும் சொல்லலையே. நான் இந்தக் கடையை எடுக்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"பசுமை அலுவலகத்துல சொல்லியிருப்பாங்களோ?"

"அப்படி ஒரு ஆபீஸ் இருக்கா?"

யுகேந்திரனுக்குச் சுருக்கென்றது. செனாய் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் இந்தப் பல்கலைக்கழகக் கிளைக்கு அவர் வந்ததே, பிளாஸ்டிக்கையும் மின்சார விரயத்தையும் குறைக்கவென்று திறந்த அந்த அலுவலகத்துக்காகத்தான். தலைமை வளாகத்தின் தணிக்கைப் பிரிவில் அவருக்கு வேலை. 'பசுமை அலுவலகத்தை மூடிவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று பதிவாளர் அனுப்பிவைத்திருந்தார். சொன்ன அந்த ஒருவர் யார் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் முதல் வேலையாக அந்த அலுவலகத்துக்குத்தான் போனார். கதவு பூட்டியிருந்தது. "அது ஸ்டோர் ரூம் இல்லையா?" என்று பக்கத்து அறைப் பெண் அவரையே திருப்பிக் கேட்டாள். பொறுப்பாளர் ஷாமளாவைக் கைப்பேசியில் அழைத்தார். "எனக்குக் கெமிஸ்ட்ரி கிளாஸ் இருக்கு சார். நீங்க மொதல்ல வளாகத்தைச் சுத்திப் பாருங்க. மத்தியானம் லேபுக்கு வாங்க," என்றார் ஷாமளா. பாடமும் நடத்திக்கொண்டு அலுவலகத்தையும் கவனிக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டார் யுகேந்திரன்.

சுற்றச் சுற்ற ஆச்சரியம்தான். ஒரு வகுப்பு முடிந்து கடைசியாக வெளியே வந்த மாணவி, விளக்கையும் ஏர்கானையும் தானாகவே அணைத்துவிட்டு வந்தாள்.

"யாரும்மா அணைக்கச் சொன்னது?"

"சீனியருங்க செய்வாங்க சார். நாங்களும் செய்றோம்."

"ஷாமளா மேடம் சொல்லலையா?"

"கெமிஸ்ட்ரி மேடமா? அவங்களுக்கும் இதுக்கும் என்ன சார்?"

பொறியியல் துறைத் தலைவர் காளிதாஸ் மேல் யுகேந்திரனுக்கு ஒரு கண் இருந்தது. ஏர்கானை அணைக்கவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் ஷாமளாவோடு மல்லுக்கு நின்றவர் அவர். அந்தச் சண்டை தலைமை வளாகம் வரைக்கும் நாறியிருந்தது. மூடச் சொன்னது இவராகத்தான் இருக்கும் என்று போய்ப் பார்த்தால், மனிதர் ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறிக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்.

"பசுமை அலுவலகத்தை மூடச் சொன்னது நீங்களா டாக்டர்?"

"நான் எதுக்கு லா சொல்றேன்? அது இன்னும் இருக்கா?"

யுகேந்திரனுக்கு மனசு கனத்துவிட்டது. இத்தனையும் செய்த பெண்ணின் பெயர் இங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. போதாக்குறைக்கு யாரோ முதுகுக்குப் பின்னால் குழி வேறு பறிக்கிறார்கள். லேபுக்குள் நுழையும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றார் ஷாமளா, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவியபடியே.

"ஆச்சு, இரவல் டப்பாவுல! மேடம், உங்ககிட்ட மறைக்க விரும்பல. உங்க ஆபீஸை மூடணும்னு யாரோ மேலிடத்துல போட்டுக் குடுத்திருக்காங்க."

ஷாமளாவின் கை நின்றது. "நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"கவலைப்படாதீங்க. இருக்கணும்னுதான் சொல்வேன். நீங்க ஒதுங்கிட்டா மறுநாளே எல்லாம் பழையபடி ஆயிடும்."

"அலமாக்! அப்படிச் சொல்லிடாதீங்க சார்." ஷாமளா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. பிரசவ லீவு முடிஞ்சு வந்து பார்த்தா, கேண்டீன் முழுக்க பிளாஸ்டிக் பை. அதுவரைக்கும் எல்லாரும் எனக்குப் பயந்துதான் செஞ்சிருக்காங்க. அன்னைக்கு வீட்டுல உக்காந்து அழுதேன். அப்புறம் மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். எதுலயும் என் பேரு வராமப் பார்த்துக்கிட்டேன். ஒவ்வொண்ணையும் அவங்கவங்களே கூடிப் பேசி முடிவு பண்ணட்டும்னு விட்டேன்."

"இப்பவும் நீங்க இருக்கிறதாலதானே மேடம் நடக்குது? உங்களுக்கு ஆகாதவங்க யாரோ..."

"ஆகாதவங்க யாரும் இல்ல சார். மூடச் சொன்னது நான்தான். என் பேரைச் சொல்லாதீங்கன்னு பதிவாளர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

யுகேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மேடம் இது! மூடினதுக்கப்புறம் எல்லாம் கெட்டுப் போயிடுச்சுன்னா?"

ஷாமளா மேசை இழுப்பறையைத் துழாவி, துரு ஏறிய சாவி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"போன தீபாவளிக்கே நான் பூட்டிட்ட கதவு சார் அது. இன்னைக்குத்தான் மொத ஆளா நீங்க வந்து தட்டியிருக்கீங்க."