எத்தனை டிகிரி?

விண்வெளியில் திரை கட்டி, பூமியில் விழும் வெயிலைக் குறைக்கப் போகிறார்கள். எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுக்க நிபுணர் குழு கூடியிருந்தது.

“ரெண்டு டிகிரியாவது குறைச்சே ஆகணும். வெந்து சாகுறோம்!” என்றார் பொறியாளர்.

“உங்களுக்கென்ன சார்? எங்க பக்கம் இப்பவே வெடவெடங்குது” என்று சீறினார் வானிலை ஆய்வாளர்.

“கன்ட்ரோல் ஒருத்தர் கையிலயே இருந்தா எப்படிங்க? முறை வச்சுக்கலாம்” என்றார் வக்கீல்.

“முறையா? உங்க முறை வந்தா நாங்க உறைஞ்சே போயிடுவோம்!”

மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. தலைவர் பொறுமையிழந்து மேசையைத் தட்டினார்.

“போதும்! அந்த ரிமோட்டை இப்படிக் கொடுங்க, ஏசியையே அணைச்சிடுறேன். இனிமேலாவது, உலகமே ஒத்துக்கிற மாதிரி பூமிக்கு எத்தனை டிகிரின்னு பேச ஆரம்பிக்கலாமா?”