காற்று வழங்கிய ஹெலிகாப்டர்

ஒரு மாளிகையின் புல்தரையில் ஹெலிகாப்டர் ஒன்று குடியிருந்தது. மதிலுக்கு அப்பால், ஓட்டு வீட்டின் முற்றத்தில், இரு கம்பங்களுக்கு இடையே ஒரு கொடிக்கயிறு துணி சுமந்து நின்றது.

ஒவ்வொரு முறை இறங்குமுன்னும், கொடியில் ஆடும் துணிகளைப் பார்த்துத்தான் ஹெலிகாப்டர் காற்றின் திசையை அறிந்துகொள்ளும். அதை அது யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இறங்கி முடிப்பதற்குள் வேட்டிகள் சேற்றில் கிடக்கும். சேலை முருங்கை மரத்தில் தொங்கும்.

"ஐயா, சற்றுத் தள்ளி இறங்கக் கூடாதா? துணி இன்னொரு முறை விழுந்தால் வீட்டுக்காரி என்னை அவிழ்த்துவிடுவாள். இந்த வெயிலை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை" என்றது கயிறு.

"நன்றி கெட்ட கயிறே! காசு வாங்காமல் காற்று தருகிறேன். ஈரத்துணி காய்கிறதா, இல்லையா?"

"காய்கிறது. முருங்கை மரத்தில் காய்கிறது."

ஹெலிகாப்டர் சிரித்தது, மறுநாளும் அப்படியே இறங்கியது. அத்தனை துணியையும் மறுபடி துவைத்த வீட்டுக்காரி, பொறுமை இழந்து, கயிற்றை அவிழ்த்துக் கூடத்துக்குள் கட்டிவிட்டாள். கயிற்றுக்கு வெயில் போயிற்று. துணிகளில் ஈர வாடை ஏறியது.

அடுத்த நாள் பலத்த காற்று. வீடு திரும்பிய ஹெலிகாப்டர் வெறும் முற்றத்தைக் கண்டு திகைத்தது. தள்ளாடியபடி வானில் வட்டமடித்து, "கயிறே! காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? சீக்கிரம் சொல்!" என்று அலறியது.

ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

"காற்று தருபவர் தாங்கள்தானே, ஐயா? எங்களைக் கேட்டால் எப்படி?"