சத்தம் வராத லேப்டாப்

வைஃபை வந்துவிட்டது. டச்பேட் வந்துவிட்டது. திரையின் வெளிச்சம்கூடச் சொன்ன பேச்சைக் கேட்டது. சத்தம் மட்டும் வருவேனா என்றது.

மதிவதனி லேப்டாப்பை முறைத்தாள். ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று காட்டியது. அதாவது, ஸ்பீக்கர் என்று ஒன்று இதில் இருப்பதே லினக்ஸுக்குத் தெரியாதாம்.

ப்ளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு இலவசமாகக் கிடைத்த லேப்டாப். நேற்று விண்டோஸ் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. லினக்ஸ் போட்டால் எந்தப் பழசும் எழுந்து நடக்கும் என்று கூட வேலை பார்க்கும் பிரபா சொல்லி, பென் டிரைவும் கொடுத்தாள். நடக்கத்தான் செய்தது, ஊமையாக.

வேறு வீடாக இருந்தால் பாட்டு இல்லாமல் ஓட்டிவிடலாம். இங்கே அது அப்பாவின் குரல்.

அப்பா விருத்தகிரி, பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அந்த வழியாகத்தான். பேச்சு, மடியிலேயே கிடக்கும் வயர்லெஸ் கீபோர்டு வழியாக. அவர் தட்டிவிட்டு என்டரை அழுத்துவார், மேஜைமேல் இருக்கும் லேப்டாப் படித்துச் சொல்லும். பொம்பளைக் குரல். அந்தக் குரலில் அவர் தண்ணீர் வண்டிக்காரரைத் திட்டினால் தெருவே சிரிக்கும். அவரும் தோள் குலுங்கச் சிரிப்பார்.

நாளைக்குத் திட்டக்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் நானே பேசுகிறேன் என்று போன வாரமே தட்டிச் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் முன்னால் மனுஷன் வாயில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைக்கவே அவளுக்கு அழுகை முட்டியது.

"கொழாய்ல சளி அடைக்குதான்னு அப்பப்ப பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு அம்மா பூவும் பழமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அப்பா கஞ்சி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

மதிவதனி கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, செல்போன் வீடியோவில் ஒருவன் சொல்லச் சொல்ல, லேப்டாப்பில் ஒவ்வொரு கட்டளையாக அடித்தாள்.

பாதிக் கட்டளையில் கர்சர் தானாக ஓடியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துகள், இடையில் சதுர அடைப்புக்குறிகள். தானாகவே அடுத்த வரிக்கும் போனது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது லினக்ஸ்.

திரும்ப அடித்தாள். திரும்பவும் அதே எழுத்துகள் நடுவில் வந்து விழுந்தன.

சில வயர்லெஸ் கீபோர்டுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போகாது, தாறுமாறாக அடிக்கும், முதலில் அதைக் கழற்றிவிடுங்கள் என்று வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

சனியன், இதுவும் சேர்ந்து உயிரை வாங்குதே என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் மூன்றாவது வரியும் வந்து விழ, கீபோர்டின் குட்டி ரிசீவரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கி மேஜைமேல் எறிந்தாள்.

அதற்குப் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை.

நிதானமாக எல்லாவற்றையும் அடித்து முடித்தாள். 'டம்மி அவுட்புட்' போய், ஸ்பீக்கரின் பெயர் வந்தது. இயர்போனைக் கழற்றிவிட்டுச் சோதனைக்கு ஒரு மணியை அடிக்கவிட்டாள். கணீரென்று கேட்டது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"யப்பா, சத்தம் வந்துடுச்சுப்பா! நாளைக்கு நீங்களே பேசலாம்!"

திரும்பினாள். கீபோர்டு தரையில் குப்புறக் கிடந்தது. அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

மறுநாள் வந்தவர்கள் எல்லோரும், திட்டக்குடிக்காரர்களும்தான், ஒன்றையே சொன்னார்கள். "தூக்கத்துலயே போயிட்டாரும்மா. யாரையும் ஒரு வார்த்த கூப்புடக்கூட இல்லியே."

லேப்டாப்பை யாரும் அணைத்திருக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் மதிவதனி அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

புது லினக்ஸில் அவள் இன்னும் தமிழைச் சேர்க்கவில்லை. தமிழில் தட்டியதையெல்லாம் அது இங்கிலீஷ் எழுத்தாகத்தான் போட்டிருக்கும். அது நேற்று ராத்திரிதான் அவளுக்கு உறைத்தது.

கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்காக அவளே ஒவ்வொரு பட்டனிலும் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தாள். திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அதில் தேடிப் படித்தாள்.

மூச்சு.

மூச்சு.

மதி மூச்சு.