யார் வீட்டுத் தண்ணீர்?

"உங்க வீட்டுத் தண்ணியில ஈயம் அளவுக்கு மேல இருக்கு சார். இனி அதைக் குடிக்காதீங்க. குழாயை மாத்தியாகணும்" என்றபடி, பரிசோதனைக் கூடத்து அலுவலர் அறிக்கையை வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

மனைவிக்கு வாயெல்லாம் பல்.

"பத்து வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பழைய குழாய், மாத்துங்கன்னு. டைல்ஸை உடைக்க உங்களுக்கு மனசு வரலை."

வீட்டுக்காரர் வெளிறிய முகத்தோடு சட்டையை எடுத்து மாட்டினார்.

"இதுக்கு ஏன் இப்படிப் பதறறீங்க? வீட்டுல இருக்கறது நாம ரெண்டு கிழம். சின்னக் குழந்தைங்களா இருக்கு, மூளை கெட்டுப்போக?"

"அது நம்ம வீட்டுத் தண்ணி இல்லை" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "தரையைத் தோண்டச் சொல்லிடுவாங்களேன்னு வேற வீட்டுல பிடிச்சுக் கொடுத்துட்டேன். புது வீடு, தண்ணி நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"சில புதுப் பித்தளைக் குழாய்லயும் ஈயம் இருக்கும் சார்" என்றார் அலுவலர். "யார் வீடு அது?"

"சம்பந்தி வீடு."

மனைவியின் சிரிப்பு நின்றது. ஏழு மாதக் கர்ப்பிணியான அவர்கள் மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

"போய் அவளை இங்கே கூட்டிட்டு வந்துடறேன்" என்று அவர் வாசலுக்கு நடந்தார்.

அலுவலர் பையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்தார். "கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுத் தண்ணியையும் பார்த்துடலாம் சார்."

அவர் கை நீட்டுவதற்குள் மனைவி பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க நகருங்க. நான் பிடிக்கிறேன்."