அடைத்த வாசலின் ஈரம்

வாஸ்து சரியில்லை என்று எங்கள் கடலூர் வீட்டின் தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தோம். அதிலிருந்து அந்த வெளிச்சுவரில் கதவு அளவுக்கு ஈரம் படிந்தது. கொத்தனார் லூயிஸ் இரண்டு முறை கொத்திவிட்டுப் பூசினார். கத்திரி வெயிலிலும் காயவில்லை.

"இந்தப் பக்கம் பைப்பே இல்லக்கா. பேசாம வாசலத் தொறந்துடுங்க" என்றார்.

"முடியாது. யாரா இருந்தாலும் முன்வாசல் வழியா வரட்டும்" என்று சுவரைப் பார்த்தே சொன்னேன்.

மறுநாள் சுவர் காய்ந்திருந்தது. முன்வாசல் படி நனைந்திருந்தது.

நான் அசரவில்லை. கால்மிதியைக் கொண்டுவந்து போட்டேன்.

"இப்பதான் வூட்டத் தொடச்சேன். கால தொடச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

சாயங்காலம் கால்மிதியைப் பிழிந்தேன். அரை வாளித் தண்ணீர் வந்தது. உள்ளே தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.